தண்ணீரைத் திட்டாதீர்கள், கரையைக் கட்டுங்கள்!

(தலைப்பு: கவனம் சிதறும் மனிதரை வாழ வைப்பது தன்னைத் திருத்திக்கொள்வதா? தன்னை ஏற்றுக்கொள்வதா? இடம்: ஊத்துக்கோட்டை. ‘ஏற்றுக்கொள்வதே’ அணியின் மூன்றாவது பேச்சு.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டு இப்போது நிம்மதியாகச் சோடா குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! ராத்திரி ஒன்பது மணிக்கும் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற ஊத்துக்கோட்டைப் பெரியோர்களே, தாய்மார்களே! 

வீட்டைப் பூட்டிவிட்டு என்று சொன்னேன். இப்போ இந்தக் கூட்டத்திலே நாலு பேராவது ‘பூட்டினோமா இல்லையா’ன்னு யோசிக்க ஆரம்பிச்சிருப்பாங்க. (சிரிப்பு) அவங்களுக்காகத்தான் நடுவர் அவர்களே, இந்தப் பட்டிமன்றமே! (கைதட்டல்)

ஊத்துக்கோட்டை என்றால் எனக்கு ஒரு தனிப் பிரியம். நான் பக்கத்திலே பெரியபாளையம். இந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலே நின்றால் ஒரு காதிலே தமிழ் விழும், இன்னொரு காதிலே தெலுங்கு விழும். ‘கொஞ்சம் ஜரகண்டி’ன்னு ரெண்டையும் கலந்து நம்மை உள்ளே தள்ளுவாங்க. (சிரிப்பு) ரெண்டு பாஷை கலந்தாலும் கோபித்துக்கொள்ளாத ஊர் இது. கொஞ்சம் வேறு மாதிரி மனசு அமைந்த மனிதனையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்க இதைவிட நல்ல இடம் எனக்கு எங்கே கிடைக்கும்?

முதலில், நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம்? சாவியைத் தொலைப்பது, பாலைப் பொங்க விடுவது எல்லாம் எல்லார் வீட்டிலும் எப்போதாவது நடக்கும். நான் சொல்கிற மனிதருக்கு அது எப்போதாவது இல்லீங்க. சின்ன வயசிலிருந்தே, தினமும். சாவியைத் தேடப் போவார். தேடுகிற இடத்திலே பழைய போட்டோ கிடைக்கும். போட்டோவைத் துடைக்கத் துணி தேடுவார். துணி இருக்கிற அலமாரியை அடுக்க ஆரம்பிப்பார். அதற்குள்ளே பஸ் போய்விடும். சாவி? அவர் சட்டைப் பையிலேயே இருக்கும்! (சிரிப்பு)

சிரிக்கிறீங்க. ஒரு நாள் நடந்தால் சிரிப்பு. நாற்பது வருஷம் நடந்தால்? வேலை போகும். வட்டி கட்ட மறந்து அபராதம் ஏறும். ‘என் பேச்சுக்கு இந்த வீட்டிலே மதிப்பே இல்லை’ன்னு மனைவி அழுவாள். அந்த மனிதர் ஒரு மூலையிலே உட்கார்ந்து, ‘நான் ஏன் இப்படி இருக்கேன்?’னு தன்னையே கேட்டுக்கொள்வார். இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கிற பெயர் ஏ.டி.எச்.டி. தமிழிலே கவனக்குறைவு மிகைச்செயல்பாடு என்று சொல்கிறார்கள். பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்பது உலகக் கணக்கு.

எதிரணியின் முதல் நண்பர் சொன்னார்: ‘இதெல்லாம் செல்போன் வந்த பிறகு முளைத்த நாகரிக வியாதி’ என்று. ஐயா, அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் கவனம் நிலைக்காத மனசைப் பற்றிப் புத்தகத்திலே எழுதியது 1798ல். அப்போ எந்தக் கம்பெனி செல்போன் விற்றது? (சிரிப்பு) ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை டாக்டர் லண்டனிலே இதைப் பற்றிச் சொற்பொழிவு செய்தது 1902ல். அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டிலே கவனக்குறைவு என்றே பெயர் வைத்தது 1980ல். 1987ல் அந்தப் பெயரோடு மிகைச்செயல்பாடும் சேர்ந்தது. பிள்ளைகளோட வியாதி, மீசை முளைத்தால் போய்விடும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். மீசை முளைத்தது, இது போகலை! (சிரிப்பு) 2013ல் வந்த கையேடு பெரியவர்களுக்கென்று தனி அளவே சொன்னது. ஒன்பது அடையாளங்களில் பிள்ளைகளுக்கு ஆறு வேண்டும், பெரியவர்களுக்கு ஐந்து போதும். ஆனால் அது பன்னிரண்டு வயதுக்கு முன்னாலேயே தலைகாட்டியிருக்க வேண்டும். அதனாலே போன மாசம் போன் வாங்கி, இந்த மாசம் கவனம் சிதறுகிறவர்களை நான் என் கணக்கிலே சேர்க்கவில்லை.

இரண்டாவது நண்பர், ‘ஏற்றுக்கொள்வது என்பது சோம்பேறி தேடுகிற சாக்கு’ என்றார். நல்லாப் பேசினார், நானே கை தட்டினேன். ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன். சோம்பேறி யார்? எந்த வேலையும் செய்யாதவன். இவரோ மனசுக்குப் பிடித்த வேலை என்றால் நாலு மணி நேரம் சோறு தண்ணி மறந்து செய்கிறார். உடனே நாம் என்ன சொல்கிறோம்? ‘பார்த்தியா, பிடிச்ச வேலைன்னா மட்டும் உடம்பு வளையுது. திமிரு!’ திமிர் இல்லீங்க. ஒரு வேலையிலே மனசை நிறுத்தி வைக்க மூளையிலே டோபமைன் போன்ற சில பொருள்கள் சரியாக வேலை செய்யணும். இவர்களுக்கு அந்த ஓட்டம் வேறு மாதிரி. முக்கியமான வேலை என்பதற்காக மட்டும் மனசு நிற்காது. சுவாரசியம் இருந்தால் நிற்கும், அவசரம் இருந்தால் நிற்கும். குடும்பத்திலே ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் வருகிற வாய்ப்பு அதிகம் என்று இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. உயரம் மாதிரி, கண் நிறம் மாதிரி, இதுவும் பெரும்பாலும் பரம்பரையாக வருகிற சங்கதி.

நடுவர் அவர்களே, இந்த ஊர்க்காரர்களுக்கு நான் பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை. உங்க ஊர் எல்லையிலேயே ஓடுகிறதே கிருஷ்ணா கால்வாய், அதைச் சொல்கிறேன். 1983ல் ஒப்பந்தம் போட்டார்கள். அப்போ இங்கே எம்.ஜி.ஆர். முதலமைச்சர், அங்கே என்.டி.ஆர். முதலமைச்சர். வருஷத்துக்கு 12 டி.எம்.சி. தண்ணீர் சென்னைக்கு என்று பேச்சு. 1996 செப்டம்பரிலே முதல் முதலாகத் தண்ணீர் உங்க எல்லையைத் தொட்டது. கண்டலேறு அணையிலிருந்து இங்கே வரைக்கும் 152 கிலோமீட்டர். அங்கே திறந்துவிட்டதெல்லாம் இங்கே வந்து சேர்ந்ததா? வழியிலே கசிந்தது, கரை சரிந்தது, நடுவிலே பாதி காணாமல் போனது. அப்போ யாராவது கரையிலே நின்று, ‘ஏ தண்ணியே! உனக்குப் பொறுப்பில்லையா? பக்கத்து ஊர்த் தண்ணியெல்லாம் எவ்வளவு ஒழுங்கா ஓடுது, உனக்கு மட்டும் என்ன கேடு?’ன்னு திட்டினார்களா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

திட்டலை. தண்ணீர் கசியும், அது அதோட குணம் என்று முதலில் ஒப்புக்கொண்டார்கள். பிறகு சத்ய சாயி அறக்கட்டளை உதவியோடு கரையைப் பலப்படுத்தினார்கள், பூச்சு பூசினார்கள். வந்து சேர்கிற தண்ணீர் கூடியது. எதிரணி நண்பர்கள் ‘அதுதானே திருத்தம்!’ என்று குதிக்கலாம். குதியுங்கள். ஆனால் எதைத் திருத்தினார்கள்? தண்ணீரையா, கால்வாயையா? தண்ணீரின் குணத்தை ஏற்றுக்கொண்டவனுக்குத்தான் கரை எங்கே கட்டணும் என்று தெரியும். ஏற்றுக்கொள்ளாதவன் கடைசி வரைக்கும் தண்ணீரோடு சண்டை போட்டுக்கொண்டே இருப்பான். எங்கள் அணியின் வாதம் இவ்வளவுதான் நடுவர் அவர்களே! (கைதட்டல்)

இந்தச் சண்டையிலே ஒரு மனுஷன் எப்படிக் கரைந்துபோவான் என்று எங்க அப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எங்க அப்பா கொத்தனார் வேலைக்குப் போவார். ஒரு மேஸ்திரிகிட்டேயும் ஆறு மாசம் தாண்டினது கிடையாது. பாதிச் சுவரிலே கரண்டியை வைத்துவிட்டு வேறு எதையோ பார்க்கப் போய்விடுவார். உப்பு வாங்கப் போனால் சுரட்டப்பள்ளி கோயிலைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருவார். ஊரிலே அவருக்கு இருந்த பெயர் ‘உதவாக்கரை’. அதே மனுஷன் திரௌபதி அம்மன் திருவிழாவிலே தெருக்கூத்து என்றால் கட்டியங்காரன் வேஷம் கட்டுவார். ராத்திரி பத்து மணிக்கு ஏறினால் விடிய விடிய ஆட்டம். ஒரு வரி மறக்காது. நடுவிலே நாய் குறுக்கே ஓடும், குழந்தை அழும், எவனோ தூங்கி விழுவான். வேறு நடிகனுக்கு அதெல்லாம் தொந்தரவு. எங்க அப்பாவுக்கு அதுதான் தீனி! நாயைக் கூப்பிட்டுத் துரியோதனன் சபையிலே மந்திரியாக்கிவிடுவார். (சிரிப்பு) நாலு பக்கமும் ஓடுகிற அந்த மனசு, சுவர் கட்டுகிற இடத்திலே குற்றம். கூத்து மேடையிலே அதுவே வரம்.

எங்க அப்பாவை எந்த டாக்டரும் பார்க்கலை. இல்லாத மனுஷனுக்கு நான் வியாதிப் பெயர் வைக்க மாட்டேன். அது நியாயம் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த மேடையிலே அவ்வளவு ஜனம் கை தட்டியும், பகலிலே கேட்ட ‘உதவாக்கரை’ என்ற சொல்தான் அவர் காதிலே நின்றது. அதை நம்பிக்கொண்டேதான் அவர் கண்ணை மூடினார். (அமைதி)

நடுவர் அவர்களே, முதலில் சாவி தேடுகிற ஒருத்தரைச் சொன்னேனே, அது வேறு யாருமில்லை. இங்கே மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நான்தான். (கைதட்டல்) போன நாலு வருஷமாகத்தான் எனக்கே தெரியும். எனக்கு வயசு நாற்பத்து மூன்று. பள்ளிக்கூடத்திலே தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என் பையன் வகுப்பிலே உட்கார மாட்டேங்கிறான்னு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவனைப் பார்த்துவிட்டு அந்த அம்மா என்னைப் பார்த்தாங்க. ‘டீச்சர், சின்ன வயசிலே நீங்க எப்படி?’ன்னு கேட்டாங்க. நான் சொல்லச் சொல்ல அவங்க எழுதிக்கிட்டே போனாங்க. கடைசியிலே ஒரு சீட்டுக்கு ரெண்டு சீட்டாக் கிடைத்தது! (சிரிப்பு)

தாய்மார்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பையன் என்றால் பெஞ்சு மேலே ஏறிக் குதிப்பான், டீச்சருக்குத் தெரிந்துவிடும். பெண் பிள்ளை பெரும்பாலும் குதிக்காது. ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும். ‘பாவம், சாதுப் பொண்ணு, கொஞ்சம் மந்தம்’னு விட்டுவிடுவோம். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி, சமையல், பிள்ளை, மாமியார், வேலை என்று பத்து விஷயம் ஒரே நேரத்திலே தலையிலே ஏறும்போதுதான் அந்த மனசு திணறுகிறது வெளியே தெரியும். அப்போது நாம் தருகிற பட்டம், ‘பொறுப்பில்லாத மருமகள்’.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரலை. பயம் எனக்காக இல்லை. எங்க அப்பாவிடமிருந்து என் பையன் வரைக்கும் மனசு மட்டும்தானா வந்திருக்கு, அந்தச் சொல்லும் சேர்ந்து வருமேன்னு பயம். நான் என்னை ‘உதவாக்கரை’ன்னு திட்டிக்கிட்டே சாவி தேடினால், பக்கத்திலே நிற்கிற பையன் என்ன கற்றுக்கொள்வான்? சாவி தேடவா? தன்னைத் திட்டிக்கொள்ளத்தான்! அதனாலே என்னை நான் ஏற்றுக்கொள்வது என்பது எனக்குச் சொகுசு இல்லை நடுவர் அவர்களே, என் பிள்ளைக்கு நான் வைக்கிற சொத்து. (பலத்த கைதட்டல்)

சரி, ஏற்றுக்கொள் ஏற்றுக்கொள் என்று சொன்னால் வந்துவிடுமா? கண்ணாடி முன்னால் நின்று ‘நான் நல்லவள், நான் வல்லவள்’னு பத்துத் தரம் சொன்னால் பதினோராவது தரம் அடுப்பிலே ரசம் தீயும். (சிரிப்பு) சொல்லி வராது. கையாலே செய்து பார்த்தால்தான் வரும். நான் எங்கே கற்றுக்கொண்டேன் தெரியுமா? வாசலிலே. கோலத்திலே.

கோலத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்த மாதிரி மனசுக்காகவே நம்ம பாட்டிமார்கள் கண்டுபிடித்தது மாதிரி இருக்கும். முதலாவது, அது சின்ன வேலை. பத்து நிமிஷம். ஆரம்பம் கண்ணுக்குத் தெரியும், முடிவும் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, உட்கார வைத்துக் கட்டிப்போடாது. உடம்பு குனியும், நகரும், கை ஓடும். மூன்றாவது, புள்ளி. பதினைந்து புள்ளி, இடைப்புள்ளி எட்டு வரைக்கும் என்று வைத்துவிட்டால் அந்தப் புள்ளிதான் கரை. அதற்குள்ளே கம்பி எப்படி வேணும்னாலும் வளையலாம். நான்காவதுதான் ரொம்ப முக்கியம். நாளைக்குக் காலையிலே அது இருக்காது! தப்பாகப் போட்டாலும் அழிந்துபோகும். நேற்று போடாமல் விட்டிருந்தாலும் வாசல் உங்களைக் கோபித்துக்கொள்ளாது. ‘ஏன் நேற்று வரலை?’ன்னு கேட்காத ஒரே மேனேஜர் வாசல்தான். (சிரிப்பு, கைதட்டல்)

இந்த மனசுக்காரர்கள் வீட்டிலே பாதி போட்ட எம்பிராய்டரி இருக்கும். நாலு நாள் வாசித்த புல்லாங்குழல் இருக்கும். ‘எதையும் உருப்படியா முடிச்சிருக்கியா?’ன்னு வீடே கேட்கும். நான் கேட்கிறேன், பாட்டு பாடினால் பரிசு வாங்கணுமா? படம் போட்டால் விற்கணுமா? பரீட்சை இல்லாத, மார்க் இல்லாத ஒரு இடம் ஒவ்வொரு மனுஷனுக்கும் வேணும். நாள் முழுக்கக் குறை கேட்கிறவனுக்குப் பத்து நிமிஷமாவது தன் மனசு தனக்கு நண்பனாக இருக்கிற இடம் வேணும். அது கோலமாக இருக்கலாம், மிருதங்கமாக இருக்கலாம், களிமண்ணாக இருக்கலாம், ரவிக்கைக்கு வைக்கிற பூவேலையாக இருக்கலாம். அந்தப் பத்து நிமிஷத்திலே கிடைக்கிற தைரியத்தோடுதான் மிச்ச நாளுக்குக் கரை கட்ட முடியும்.

கோலம் என்றால் சும்மா பொம்பளைங்க பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியிலே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி போன்ற கணிதப் பேராசிரியர்கள் 1970களிலேயே கோலத்தை வைத்துக் கம்ப்யூட்டர் கணக்கு ஆராய்ச்சி செய்து உலகத்துக்குச் சொன்னார்கள். நம்ம வாசல் மாவு அங்கே வரைக்கும் போயிருக்கு!

‘கலையினாலே கவனம் வருமா? கலைதானே கவனத்தைக் கெடுக்கும்’ என்று மூன்றாவது நண்பர் கேட்டார். பள்ளிக்கூடத்திலே நோட்டு ஓரத்திலே கிறுக்கினால் நாமெல்லாம் பிடுங்கி வைப்போம். 2009ல் இங்கிலாந்திலே பிளிமத் பல்கலைக்கழகத்து ஜாக்கி ஆண்ட்ரேட் என்ற அம்மையார் ஒரு சோதனை செய்தார். நாற்பது சாதாரண ஆட்களைக் கூப்பிட்டு, கேட்டாலே கொட்டாவி வருகிற ஒரு டெலிபோன் பேச்சைக் கேட்க வைத்தார். பாதிப் பேர் சும்மா கேட்டார்கள். பாதிப் பேர் காகிதத்திலே கட்டங்களைத் தீட்டிக்கொண்டே கேட்டார்கள். தீட்டினவர்களுக்கு 29 சதவீதம் அதிகமாக ஞாபகம் இருந்தது! கையிலே ஒரு சின்ன வேலை இருந்தால் மனசு வெகுதூரம் ஓடாது. நம்ம கிழவிகள் கதை கேட்கும்போது ஏன் கையிலே கீரை ஆய்ந்தார்கள் என்று இப்போ புரியுதா? (கைதட்டல்)

அதற்காக இந்த மனசு இருக்கிறவரெல்லாம் பெரிய மேதை என்று நான் ஐஸ் வைக்க மாட்டேன். 2006ல் அமெரிக்காவிலே ஹோலி வைட், ப்ரீதி ஷா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குறை உள்ள இளைஞர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒரு பொருளுக்குப் புதுப்புது உபயோகம் சொல்லச் சொன்னால் இவர்கள் முந்தினார்கள். பல விஷயங்களைச் சுருக்கி ஒரே விடைக்கு வரச் சொன்னால் இவர்கள் பிந்தினார்கள். இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் பார்த்தால் கர்வம், இன்னொன்றை மட்டும் பார்த்தால் கண்ணீர். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறதுக்குப் பெயர்தான் ஏற்றுக்கொள்வது.

பகத் பாசிலைத் தெரியாதவர்கள் இங்கே இருக்க முடியாது. ‘விக்ரம்’ பார்த்தோம், ‘மாமன்னன்’ பார்த்தோம். 2024ல் கேரளாவிலே கோதமங்கலத்திலே மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான ஒரு இடத்தைத் திறந்து வைக்கப் போனார். அங்கே மேடையிலேயே தனக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகச் சொன்னார். தெரிய வந்தது 41 வயதிலே! அதற்கு முன்னால் அவர் நடித்ததெல்லாம் எந்த மனசை வைத்து? இதே மனசை வைத்துத்தான். அதைவிடப் பெரிய விஷயம், அதை ஒளிக்காமல் அந்தப் பிள்ளைகள் முன்னால் சொன்னது. ஒளிக்கிறவனுக்கு எப்பவும் ரெண்டு வேலை. செய்கிற வேலை ஒன்று, மறைக்கிற வேலை ஒன்று. சொன்னவனுக்கு ஒரு வேலை மிச்சம்! (கைதட்டல்)

‘பகத் பாசிலுக்குச் சரி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலே ஷிப்டுக்குப் போகிறவனுக்கு?’ என்று கேட்பீர்கள். அவனுக்கும் கரை கட்டலாம். சாவிக்குக் கதவு பக்கத்திலே ஒரு ஆணி. அந்த ஆணியைத் தவிர வேறு இடம் கிடையாது. டிபன் பாக்ஸ், அடையாள அட்டை, செல்போன் எல்லாம் ராத்திரியே ஒரே பையிலே. ‘வேலையை முடி’ன்னு சொல்லாமல் ‘முதல் அஞ்சு நிமிஷம் செய்’னு சொல்வது. ஞாபகத்தை நம்பாமல் சுவரிலே எழுதுவது. அதைவிட ஒன்று, பக்கத்திலே ஒரு ஆள். திண்ணையிலே நாலு பேர் சேர்ந்து பூக்கட்டினால் கூடை காலியாகும். தனியாக உட்கார்ந்தால் அரை முழத்திலே எழுந்துவிடுவோம். வீட்டு வரவு செலவு எழுதும்போது மனைவி பக்கத்திலே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கட்டும். புத்தி சொல்ல வேண்டாம், உட்கார்ந்தால் போதும்! (சிரிப்பு)

கடைசியாக எதிரணித் தலைவர் கேட்டார்: ‘ஏற்றுக்கொண்டாச்சு என்றால் மாத்திரை எதற்கு? மாத்திரை திருத்தம்தானே?’ ஐயா கண்ணாடி போட்டிருக்கிறீர்கள். அது உங்கள் கண்ணுக்குத் தண்டனையா? (சிரிப்பு, கைதட்டல்) பார்வை இப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டதாலேதானே கண்ணாடி வாங்கினீர்கள்? ‘முறைச்சுப் பார்த்தா எல்லாம் தெரியும்’னு பிடிவாதம் பிடித்திருந்தால் இன்றைக்கு மேடைப் படியிலே விழுந்திருப்பீர்கள். நானும் டாக்டர் சொன்ன மாத்திரை சாப்பிடுகிறேன், கோலமும் போடுகிறேன். அமெரிக்காவிலே சிமோன் பைல்ஸ் என்ற ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. 2016 ரியோ ஒலிம்பிக்கிலே நாலு தங்கம் வாங்கினார். அவருடைய மருத்துவக் காகிதங்களை எவனோ திருடி வெளியே விட்டான், மானத்தை வாங்கலாம்னு. அந்தப் பெண், ஆமாம், எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கு, மருந்து சாப்பிடுகிறேன், இதிலே வெட்கப்பட ஒன்றுமில்லைன்னு உலகத்துக்கே சொல்லிவிட்டார். திருடினவன்தான் வெட்கப்படணும்!

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு நாளைக்கு யாரும் தனக்குத் தானே சீட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். மூணு நாள் நைட் ஷிப்டு பார்த்தவனுக்கும் கவனம் சிதறும். தைராய்டு, மனச்சோர்வு, பதற்றம், தூக்கக் குறைவு எல்லாமே இது மாதிரி வேஷம் போடும். மனநல டாக்டர்தான் பிரித்துச் சொல்லணும். மருந்தும் அவர் சொன்னால்தான். நம்ம மாவட்டத்துக்கு 2022லிருந்து திருவள்ளூரிலே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. சென்னையிலே கீழ்ப்பாக்கம் இருக்கு. கீழ்ப்பாக்கம் என்றதும் சிரிக்கிற பழக்கத்தை விடுங்கள். 1794லிருந்து எத்தனையோ குடும்பத்துக்கு விளக்கேற்றிய இடம் அது. பஸ் காசும் இல்லை என்றால் 14416 என்ற நம்பர், டெலி மானஸ், 2022லிருந்து இருக்கு. இலவசம், ராத்திரியிலேயும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

மணி அடித்துவிட்டார் நடுவர். (சிரிப்பு) முடித்துவிடுகிறேன். நேரம் போவது தெரியாமல் இருப்பது எங்கள் இனத்துக்கே அடையாளம், மன்னிக்கணும். (பலத்த சிரிப்பு)

‘ஐந்திலே வளையாதது ஐம்பதிலே வளையுமா?’ என்று எதிரணியிலே பழமொழி சொன்னார்கள். ஐம்பதிலே வளைக்க வேண்டாமய்யா! வளையாத மூங்கிலைப் பல்லக்கு ஆக்கப் பார்த்துக் கோபப்படுவதைவிட, பந்தக்கால் ஆக்கினால் நிழலாவது கிடைக்கும். (கைதட்டல்) உங்கள் வீட்டிலே, தெருவிலே, வேலை செய்கிற இடத்திலே இப்படி ஒருத்தர் நிச்சயம் இருப்பார். அவர் அடுத்த தடவை சாவி தேடும்போது, ‘உனக்கு எப்பவும் இதே வேலை’ன்னு சொல்ல வாய் வரும். அந்த ஒரு வாக்கியத்தை முழுங்கிவிட்டு ஒரு ஆணி அடித்துக் கொடுங்கள். அவர் ஏதாவது பாடினால், கிறுக்கினால், கோலம் போட்டால் ‘இதனாலே என்ன பிரயோஜனம்?’ன்னு கேட்காதீர்கள். அவர் தன்னோடு சமாதானம் பேசிக்கொண்டிருக்கிறார். குறுக்கே போகாதீர்கள்.

152 கிலோமீட்டர் கசிந்து கசிந்து வந்த தண்ணீரைக்கூட இந்த ஊர் மலர் தூவி வரவேற்கும். மனுஷனைத் திட்டியா வரவேற்பது? தன்னை ஏற்றுக்கொண்டவன்தான் தனக்குக் கரை கட்டுவான், கரை கட்டியவன்தான் ஊருக்குத் தண்ணீர் தருவான். எனவே நடுவர் அவர்களே, கவனம் சிதறும் மனிதரை வாழ வைப்பது தன்னை ஏற்றுக்கொள்வதே, ஏற்றுக்கொள்வதே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)